வரைபடத்தில் ஒரு பெரியப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

வடமராட்சியில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உதவியாளராக வேலை செய்கிறேன். போன மாதம் குடும்ப முறைமைக் கோட்பாடு, அதாவது ஒருவரின் பிரச்சினையை முழுக் குடும்பத்தோடும் சேர்த்துப் பார்க்கிற முறை, பற்றிய நாலு நாள் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். பிரச்சினையோடு வருகிற குடும்பங்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துப் போனேன். முதல் நாளே எங்களுடைய சொந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரையச் சொன்னார்கள். அப்பாவும் கனடாவில் இருக்கிற பெரியப்பாவும் ஏன் கதைப்பதில்லை, அம்மம்மா யாரோடு கோபம் என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. என் வேலைக்கும் பெரியப்பாவுக்கும் என்ன தொடர்பு? அடுத்தது, 'தன்னை வேறுபடுத்திக்கொள்ளல்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இது வெள்ளைக்காரரின் தனிக்குடித்தனப் புத்தி இல்லையா? என்னிடம் வருகிற ஒரு பொடியன் ரொறன்ரோ மாமாவின் காசில்தான் படிக்கிறான். அவனிடம் போய் வேறுபடு என்று சொல்லலாமா? நீங்கள் இந்தத் துறையில் கொஞ்சக் காலம் இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நேரம் இருந்தால் பதில் போடுங்கள். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு வந்த அந்தரம் எனக்கும் வந்ததுதான். சுனாமிக்குப் பிறகு 2005இல் எங்கள் பக்கம் பயிற்சிகள் மாரிமழை மாதிரிப் பெய்தன. அதில் ஒன்றுக்கு நானும் போனேன். நடத்தியவர் மூன்றாம் நாள் மத்தியானமே சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு விமானம் பிடிக்க ஓடிவிட்டார். லமினேற் பண்ணின அந்தச் சான்றிதழ் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது, என் பெயரில் ஓர் எழுத்துப்பிழையோடு. நான் வரைந்த குடும்ப வரைபடத்தை அன்றைக்கே கசக்கி எறிந்துவிட்டேன். உருப்படியாக ஒருவரிடம் உட்கார்ந்து படிக்கக் கிடைத்தது பல வருடம் கழித்து. அவரும் முதலில் அதே படத்தைத்தான் கேட்டார்.

ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இந்தக் கோட்பாட்டைக் கட்டி எழுப்பிய மரே போவன் ஓர் அமெரிக்க மனநல மருத்துவர். 1954 முதல் 1959 வரை வொஷிங்டனுக்குப் பக்கத்தில், பெதஸ்டாவில் இருந்த அரசாங்க ஆய்வு நிலையத்தில், மனச்சிதைவு நோய் வந்த பிள்ளையோடு தாயையும், பிறகு தகப்பனையும் சகோதரங்களையும்கூட வார்டிலேயே குடியிருத்திப் பார்த்தார். (எங்கள் ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஆய்வுப் பணம் தேவையில்லை. ஒருவரை அனுமதித்தால் மூன்று பேர் பாயும் சுடுதண்ணிப் போத்தலுமாக வந்து சேர்வார்கள்.) நோய் ஒருவருக்கு என்றாலும் பதற்றம் வீடு முழுக்க ஆள் மாறி ஆள் சுற்றுவதை அங்கே கண்டார். இரண்டு பேருக்கிடையில் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை இழுத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் முக்கோணம் என்று பெயர் வைத்தார்.

1967இல் பிலடெல்பியாவில் ஒரு மாநாடு. கோட்பாட்டுக் கட்டுரை வாசிக்க வந்த போவன் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ரெனசி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்த தன் சொந்தக் குடும்பத்துக்குள் யார் பக்கமும் சாயாமல் நிற்கத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அவர். 1972இல் அது அச்சில் வந்தபோது எழுதியவர் பெயர் போடப்படவில்லை. சொந்தக்காரரைப் பற்றி எழுதினால் என்ன நடக்கும் என்பது அந்த ஊரிலும் தெரிந்திருக்கிறது. பிறகு, ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த இளம் டொக்டர்கள் சிலர் தாங்களும் வீட்டுக்குப் போய் அதைச் செய்து பார்த்தார்கள். அப்படிச் செய்தவர்கள் நோயாளிகளின் குடும்பங்களோடும் மற்றவர்களைவிடத் தெளிவாக வேலை செய்வதைப் போவன் கவனித்தார். சொந்தக் குடும்பம் பயிற்சியின் நடுவுக்கு வந்தது அப்படித்தான். உங்கள் பயிற்சியாளர் விடுப்புப் பார்க்க உங்கள் வீட்டுக் கதையைக் கேட்கவில்லை.

எனக்கு அது விளங்கியது குசினிக்குள். அம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டு மாமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமி என்றால் அப்பாவின் தங்கை. முப்பது வருடமாக நான் கேட்கிற கதை. அம்மா சொல்வார், நான் "ஓம் அம்மா, அவ அப்பிடித்தான்" என்பேன், அவருக்கு மனம் ஆறும், எனக்கு மாமியில் கோபம் ஏறும். அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, "இதை மாமியிட்டையே கேளுங்கோவன் அம்மா" என்றேன். திருவலைச் சத்தம் நின்றது. "நீயும் இப்ப அவையின்ரை பக்கமோ?" என்றார் அம்மா. நான் யார் பக்கமும் இல்லை என்று விளக்கம் சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.

இரண்டு கிழமை அம்மா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதையும் போவன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஒருவர் தன் இடத்தை மாற்றினால் வீடு முதலில் 'நீ செய்வது பிழை' என்னும், அடுத்து 'பழையபடி வா' என்னும், அதற்கும் அசையாவிட்டால் 'வராவிட்டால் பார்' என்னும். அந்த நேரத்தில் சண்டை பிடிக்காமலும் ஒதுங்கிப் போகாமலும் போய்வந்துகொண்டிருப்பதுதான் வேலை. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். மூன்றாம் ஞாயிறு வழமைபோல முருங்கைக்காய் கட்டித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. என் மேசைக்கு முன்னால் ஒரு மருமகள் அழுதால், அவள் பேசி முடிக்க முன்னமே நான் அவள் பக்கம் சாய்ந்துவிடுவேன். அதை இரக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குச் சொன்ன அதே "ஓம்" அது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. வேறுபடுத்திக்கொள்வது என்றால் விலகிப் போவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டது முழுக்க உங்கள் பிழை இல்லை, தமிழில் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது. உறவுக்குள் இருந்துகொண்டே தன் எண்ணத்தில் நிற்பதைத்தான் போவன் அப்படிச் சொன்னார். விலகி ஓடுவதற்கு அவர் வேறு பெயர் வைத்தார்: உணர்வுத் துண்டிப்பு. அது ஒட்டுதல் மிகக் கூடிப்போனதன் அடையாளம் என்பது அவருடைய கருத்து. எங்கள் ஊரில் இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். நாலு பரப்புச் சீதனக் காணியில் கோபித்து, 'அவன்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டன்' என்று கனடாவுக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாகத் தம்பியோடு கதையில்லை. ஆனால் ஊரிலிருந்து யார் எடுத்தாலும் முதல் கேள்வி, "அவன் மதில் கட்டிட்டானோ?" அத்தனை கடல் தாண்டியும் அந்த மனுசன் அந்த வேலியடியில்தான் நிற்கிறார்.

உங்கள் பொடியன் மாமாவின் காசை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அவனுக்குக் கணிதப் பிரிவு சரிவரவில்லை என்று வையுங்கள். இப்போது என்ன நடக்கும்? அவன் தாயிடம் சொல்வான், தாய் மாமாவிடம் 'நல்லாப் படிக்கிறான்' என்பார், ரிசல்ட் வந்த அன்று வட்ஸ்அப்பில் மூன்று பேரும் அழுவார்கள். அவனே மாமாவுக்கு எடுத்து, "மாமா, எனக்கு மற்ஸ் ஓடுதில்லை, கொமர்ஸ் எடுக்கப்போறன், உங்களுக்குக் கோபம் வரும் எண்டு தெரியும்" என்று சொல்லிவிட்டு, மாமா கத்தும்போது போனை வைக்காமல் இருந்தால் அதுதான் வேறுபடுதல். காசு நின்றாலும் நிற்கலாம். அதையும் அவனோடு இருந்து யோசிக்க வேண்டியது உங்கள் வேலை.

இந்தக் கோட்பாட்டை எங்கள் மண்ணில் அப்படியே தூக்கி வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த ஓர் அம்மா படம் வரையும்போது மகனுக்குச் சதுரம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. மகன் 2009இல் காணாமல் போனவர். பெருக்கல் குறி போட மறுத்துவிட்டார். சதுரத்தை மட்டும் பென்சிலால் திரும்பத் திரும்பத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தார், தாள் கிழியும் மட்டும். எங்களிடம் இருந்த குறியீட்டுப் பட்டியலில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைப் பற்றி எழுதிய போலின் பொஸ் அந்த இடத்தில் போவனைவிட உதவினார். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே காட்டிய விசயமும் உண்டு: இங்கே காயப்பட்டது தனி ஆள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து. போரால் வந்த 1995 இடப்பெயர்வில் பிரிந்தவர்களைப் பார்த்து 'துண்டித்துக்கொண்டார்கள்' என்று எழுதினால் அது அநியாயம்.

நாலு நாளில் இது வராது. போவனின் வழியில் படித்தவர்கள் வருடத்துக்கு நாலு தடவை கூடி, இடையில் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்து, திரும்ப வந்து கதைத்திருக்கிறார்கள், அதுவும் வருடக்கணக்காக. உங்களோடு பயிற்சிக்கு வந்தவர்களில் நாலைந்து பேரையாவது பிடித்து மாதத்துக்கு ஒருமுறை இருங்கள். தேத்தண்ணிச் செலவு மட்டும்தான்.

பெரியப்பாவுக்கு ஒருநாள் எடுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம், அது இன்னொரு முக்கோணமாகிவிடும். 'பெரியப்பாவோடை கதைக்கப்போறன்' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டே எடுங்கள். பழைய கோபத்தைப் பற்றியோ, ஏன் கதைப்பதில்லை என்றோ கேட்காதீர்கள். சின்ன வயதில் அவரும் அப்பாவும் எந்தக் கிணற்றில் குளித்தார்கள், யார் தண்ணி அள்ளி ஊற்றியது என்று கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா