பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்: பழைய ரெட்வொர்க் குவில்ட் கேள்வி-பதில்

வெள்ளைப் பருத்திச் சதுரங்களில் சிவப்பு நூலால் படங்களின் வெளிக்கோட்டை மட்டும் தைத்து, அச்சதுரங்களை இணைத்து, ஏறத்தாழ 1880 முதல் 1920-கள் வரை அமெரிக்கப் பெண்கள் செய்த விரிப்புகளை ரெட்வொர்க் குவில்ட் என்கிறார்கள். இவற்றை வாங்கியவர்களும், வாங்கி நொந்தவர்களும் எழுதிய கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் முகமும் பஃபலோ நகரக் கண்காட்சிக் கட்டடங்களும் தைக்கப்பட்ட விரிப்பு ஒன்றை, "1901-இல் கையால் செய்தது" என்ற விவரத்தை நம்பி, இணையத்தில் 640 டாலருக்கு வாங்கினேன். வந்ததும் திருப்பிப் பார்த்தால், பின்புறம் முழுவதும் வெள்ளை நூல் ஓடுகிறது. "உள்ளது உள்ளபடியே விற்றேன், திருப்பி எடுக்க மாட்டேன்" என்கிறார் விற்றவர். ஏமாந்தது என் தவறா?

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். மெக்கின்லி 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோவில் நடந்த பான்-அமெரிக்கக் கண்காட்சியின் இசைக் கோயில் என்னும் அரங்கில் சுடப்பட்டு, செப்டம்பர் 14 அன்று இறந்தார். அவருடைய முகமும் அக்கண்காட்சியின் கட்டடங்களும் அச்சிட்ட துணிச் சதுரங்கள் அக்காலத்தில் உண்மையாகவே விற்பனையாயின. ஆகவே படத்தில் பொய் இல்லை. தையலில்தான் பொய் இருக்கிறது. கையால் தைப்பவருக்கு ஒரே நூல்தான் என்பதால், பின்புறத்திலும் சிவப்புதான் தெரியும்; ஓர் உருவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய நூலும், முடிச்சும், சற்றே கோணிய தையலும் அங்கே இருக்கும். இயந்திரத்துக்கு மேல்நூல் ஒன்று, கீழே பாபின் நூல் ஒன்று என்று இரண்டு வேண்டும். நீங்கள் கண்ட வெள்ளை நூல் அந்தப் பாபினுடையது.

அமெரிக்க மாநிலங்களின் வணிகச் சட்டப்படி, "1901-இல் கையால் செய்தது" என்று எழுத்தில் தந்த விவரம் உத்தரவாதமாகிறது. "பழமையான தோற்றமுடையது" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும். உள்ளபடியே விற்றேன் என்ற சொல், பொதுவாக அந்த எழுத்து உத்தரவாதத்தை அழித்துவிடாது. விற்பனைப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்பனைத் தளத்திடம் "விவரித்தபடி பொருள் இல்லை" என்று முறையிடுங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், இக்கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசியதோடு நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பின்பக்கத்தின் படத்தைக் கேட்டால், "முன்பக்கம்தானே அழகு" என்று விற்பவர் மழுப்புகிறார். விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: என் விரிப்பில் ஆங்கிலச் சிறுவர்நூல் ஓவியர் கேட் கிரீனவே பாணியில் தொப்பியணிந்த சிறுமிகளும், விசிறியும், ஆந்தையும், ஒரு மூலையில் டெடி கரடியும் உள்ளன. கடைக்காரர் 1880-களைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொன்னார். அந்தக் காலத்துக்குரிய விலையைக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: இந்த வணிகத்தில் என்னை நெடுநாளாக எரிச்சலூட்டிவரும் பழக்கம் இதுதான். விரிப்பில் உள்ள படங்களிலேயே மிகப் பழையது எதுவோ அதைச் சுட்டிக்காட்டி, முழு விரிப்புக்கும் அந்த வயதைச் சூட்டிவிடுகிறார்கள். கேட் கிரீனவேயின் முதல் பெரும் வெற்றி 1879-இல் வந்தது. அதன்பின் அவருடைய குழந்தைகளைக் கேட்டும் கேட்காமலும் நகலெடுக்காத அச்சகமே இல்லை எனலாம். 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின் அமெரிக்க வீடுகளில் ஜப்பானிய விசிறியும் நாரையும் புகுந்தன. லண்டனின் அரச பூத்தையல் பள்ளி அங்கே காட்சிக்கு வைத்த வேலைப்பாடுகளும் அந்நாட்டுப் பெண்களைக் கவர்ந்தன. இவையெல்லாம் பழையவையே. ஆனால் டெடி கரடி, தியோடர் ரூஸ்வெல்ட்டின் கரடி வேட்டையைப் பற்றி 1902 நவம்பரில் வெளிவந்த கேலிச்சித்திரத்தில் பிறந்தது. பிறக்காத கரடியை 1880-களில் எந்தப் பெண் தைத்திருப்பாள்? முகத்தை முழுதும் மறைக்கும் தொப்பியுடன் வரும் சன்பானட் குழந்தைகளைக் கண்டாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர்கள் 1900-ஐ ஒட்டி வந்தவர்கள். ஒரு விரிப்பின் வயதை அதிலுள்ள மிக இளைய படத்திலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். அந்தப் படமும் "இதற்கு முன்பு அல்ல" என்று மட்டுமே சொல்லும், "இந்த ஆண்டில்தான்" என்று ஒருபோதும் சொல்லாது. ஏனெனில் வடிவம் அச்சிட்ட சதுரங்கள் ஒரு சென்ட்டுக்கு ஒன்று என்று விற்றன, அதனால்தான் அவற்றுக்குப் பென்னிச் சதுரங்கள் என்று பெயர். வாங்கியவர் பாதியைத் தைத்துப் பெட்டியில் போட்டுவிட, மீதியை மகள் தைப்பாள், பேத்தி இணைப்பாள்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். ஒரு மூலையில் 1889 என்று அழகாகத் தைத்திருந்த விரிப்பு ஒன்றை, அந்த எண்ணைப் பார்த்ததுமே பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். சதுரங்கள் உண்மையிலேயே பழையவை. ஆனால் அவற்றை இணைத்திருந்ததோ பாலியஸ்டர் நூல். யாரோ பெட்டியில் கிடந்த சதுரங்களை அண்மைக் காலத்தில் ஒட்டவைத்திருக்கிறார். தேதி மெய், விரிப்பு பொய். விருந்தினர் வந்தால் அதை நான் வெளியே எடுப்பதில்லை.

உங்கள் ரசீதில் 1880-கள் என்று எழுதியிருந்தால், கரடியைச் சுட்டிக்காட்டிப் பணத்தைக் கேளுங்கள். எழுதவில்லையென்றால், விலைக் குறைப்பையாவது கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: "டர்க்கி ரெட் நூல், சாயம் போகவே போகாது" என்று சொல்லித்தான் விற்றார்கள். சலவை இயந்திரத்தில் வெந்நீரில் போட்டேன். வெள்ளை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. இழப்பீடு கிடைக்குமா?

பதில்: நூறு வயதுத் துணியைச் சலவை இயந்திரத்தில், அதுவும் வெந்நீரில் போடுவதற்கு முன்பு, ஈரமான வெள்ளைத் துணியை ஒரே ஒரு தையலின்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்திருக்கலாமே! அந்தத் துணியில் சிவப்பு ஒட்டியிருந்தால், விரிப்பை நீரில் நனைத்திருக்கவே கூடாது.

உண்மையான டர்க்கி ரெட் சாயம் எளிதில் போகாதுதான். நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடியின் வேரை எண்ணெய், படிகாரம், சாணம், இரத்தம் என்று பலவற்றோடு சேர்த்து, வாரக்கணக்கில் மாறிமாறித் தோய்த்து எடுத்த சிவப்பு அது. உதுமானியத் துருக்கியப் பேரரசின் நிலப்பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பிலும் அதே அலிசரின் என்ற சாயப்பொருள்தான் இருக்கிறது. 1868-69-இல் செருமானிய வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்ட பிறகு, அந்தச் சிவப்பு மலிவானது. துவைத்தாலும் வெள்ளையில் இறங்காத சிவப்பு நூல் எளிதில் கிடைத்ததால்தான் ரெட்வொர்க் என்ற கலையே பரவியது. ஆனால் 1880-களில் வந்த காங்கோ ரெட் போன்ற சாயங்கள் சாயத்தைப் பிடித்துவைக்கும் படிகாரமே இல்லாமல் பருத்தியில் ஏறின. ஏறிய அதே எளிமையோடு இறங்கவும் செய்தன. உங்களுக்கு விற்றவர் எல்லாச் சிவப்புக்கும் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார். "சாயம் போகாது" என்பது எழுத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் இயந்திரத்தில் போட்டதைக் காட்டியே அவர் வாதிடுவார், அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

கேள்வி: புறஊதா விளக்கில் விரிப்பு நீலமாக ஒளிர்ந்தால் போலிதானே?

பதில்: நானும் அப்படி எண்ணி, ஒரு நல்ல விரிப்பை அதே கடையில் விட்டுவிட்டு வந்தேன். வெண்மையூட்டி கலந்த இன்றைய சலவைத்தூளில் ஒருமுறை துவைத்தாலே பழைய துணியும் ஒளிரும். ஒளிராதிருந்தால் நற்குறி, ஒளிர்ந்தால் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்துவிட முடியாது.

கேள்வி: உள்ளே பஞ்சும் இல்லை, மூன்று அடுக்கும் இல்லை. இதைப் போய்க் குவில்ட் என்று விற்றிருக்கிறார்களே?

பதில்: பல ரெட்வொர்க் விரிப்புகள் கோடைக்கானவை, பஞ்சு வைக்காமல், இணைப்புகளின்மேல் இறகுத் தையலை ஓட்டி முடித்துவிடுவார்கள். குவில்ட் என்பது அங்கே மரியாதைக்காகச் சொல்லும் பெயர். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

கேள்வி: நான் வாங்கியதில் படங்களைவிட முன்பின் அறியாதவர்களின் பெயர்களே அதிகம். பிரித்து எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. தேவாலயப் பெண்கள் நிதி திரட்டுவதற்காக, பெயருக்குப் பத்து சென்ட் போன்ற சிறுதொகை வாங்கித் தைத்த விரிப்பு அது. அந்தப் பெயர்களை வைத்து ஊரையும் ஆண்டையும் கண்டுபிடிக்க முடியும். அந்த ஊரின் வரலாற்றுக் கழகம் படங்களைவிட அப்பெயர்களைத்தான் விரும்பும்.

கேள்வி: ஓரம் கிழிந்த ஒன்றை வெட்டித் திண்டு உறைகளாகத் தைக்க எண்ணுகிறேன். உங்கள் கருத்து?

பதில்: என் அனுமதி கிடைக்காது.

கேள்வி: 1916-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ரூபி மக்கிம் வரைந்த, குவாடி என்று பெயர்பெற்ற விலங்குப் படங்களின் விரிப்பை "மிக அரியது" என்று கூறி இருமடங்கு விலை கேட்கிறார்கள்.

பதில்: அவை செய்தித்தாளில் வெளிவந்த வடிவங்கள், தாள் வாங்கிய எந்த வீட்டிலும் தைத்திருக்கலாம். கோணல்மாணலின்றி நேர்கோடுகளால் வரைந்த முயலும் நரியும் எனக்கும் மிகப் பிடித்தவைதான். ஆனால் பிடித்தது என்பதற்கு ஒரு விலை, அரியது என்பதற்கு வேறு விலை. தையலின் ஒழுங்கையும் கறையையும் பார்த்துப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: அண்டை வீட்டு மூதாட்டி தம் நினைவாக எனக்குத் தந்த விரிப்பை, ஒரு வணிகர் "கறைபடிந்தது, நாய்க்கு விரிக்கத்தான் ஆகும்" என்று சொல்லி 40 டாலருக்கு வாங்கிப் போனார். இப்போது அவர் கடையில் 900 டாலர் விலைச்சீட்டோடு தொங்குகிறது. அதனோடு சேர்ந்த இரண்டு தலையணை உறைகள் என்னிடம் உள்ளன; அவற்றையும் கேட்டுத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விருப்பத்தோடு விற்றதாகத்தான் சட்டம் இதைப் பார்க்கும். அவர் சொன்ன பொய்க்கு எழுத்துச் சான்றும் இல்லை. ஆனாலும் கடைக்கு ஒருமுறை சென்று, மற்ற வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, அவர் அன்று சொன்ன சொற்களை அப்படியே திரும்பச் சொல்லி, 40 டாலரைக் கொடுத்து விரிப்பைக் கேளுங்கள். வெட்கம் சில வணிகர்களிடம் வேலை செய்யும். ஓர் உறையில் உறங்கும் குழந்தையும் "நல்லிரவு" என்ற சொல்லும், மற்றதில் விழித்த குழந்தையும் "காலை வணக்கம்" என்ற சொல்லும் இருந்தால், அவை இணையாகவே விலைபோகும் வழக்கமான சோடி. அவர் ஏன் விடாமல் அழைக்கிறார் என்பது அப்போது உங்களுக்குப் புரியும். வாங்கும் எண்ணமில்லாத ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொள்ளும்வரை, அந்த அழைப்பை எடுக்காதீர்கள்.