மூத்த மகனின் 'ஓம்' போதாது

மட்டக்களப்பு ஆரையம்பதி வாசகர் ஒருவர் கேட்கிறார்: காலமான எழுத்தாளரின் நாவலொன்றைப் படமாக்க விரும்புகிறேன். மூத்த மகன் போனில் 'ஓம், எடுங்க' என்றார். தமிழ்நாட்டு நடிகரையும் லண்டன் முதலீட்டாளரையும் பிடித்துத் தருவதாக ஒருவர் 3 இலட்சம் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். காசு கொண்டுவருகிறேன் என்பவர் உங்களிடம் ஏன் காசு கேட்கிறார்? ஒழுங்கான தரகர், முதலீடு கணக்கில் விழுந்த பிறகுதான் தன் வீதத்தை எடுப்பார். நடிகரோடு நின்று எடுத்த செல்ஃபி சம்மதமாகாது. அப்படியொரு செல்ஃபியை நம்பி நானும் ஒருமுறை காசு கொடுத்தேன். அது யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்ததாம். திகதியும் கையெழுத்தும் உள்ள கடிதத்தைக் கேளுங்கள், ஆள் தானாகவே காணாமல் போவார்.

அதைவிடப் பெரிய ஓட்டை அந்த 'ஓம்'. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 70 வருடங்களுக்குப் பதிப்புரிமை உயிரோடிருக்கும். அனுமதி எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பதிப்பகத்தார் தலையாட்டினாலும் போதாது. அச்சிடும் உரிமை வேறு, படமாக்கும் உரிமை வேறு. மரணசாசனம் இல்லையென்றால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகள் எல்லோருக்கும். முஸ்லிம் குடும்பமென்றால் பங்குக் கணக்கே வேறு. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டத்தை யாராவது தொடங்கினால், அது வடக்குக்கு என்று சொல்லிவிடுங்கள். கனடாவில் ஒரு மகள் இருப்பார், தம்பியோடு பேச்சுவார்த்தை இருக்காது. அவரும் கையெழுத்திட வேண்டும். அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில், தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இதை விட்டால், படம் முடிந்து போஸ்டர் ஒட்டுகிற நாளில் சட்டத்தரணியின் கடிதம் வரும்.

முழு விலையை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். சிறு தொகைக்கு 18 மாதத்துக்கு உரிமையைப் பிடித்து வைத்து, மீதியைப் படப்பிடிப்புத் தொடங்கும்போது கொடுப்பதாக எழுதுங்கள். தணிக்கைச் சான்றிதழுக்குக் கொழும்புக்குப் பஸ் ஏறவும் காசு வையுங்கள். மட்டக்களப்பில் எடுத்த படத்தை மட்டக்களப்பில் காட்டவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். எத்தனை வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

நடிகருக்கு ஏன் சென்னை? 'பிறகு' என்பதற்கு நம் ஊர் வழக்கில் 'மறுகா' என்று சொன்னால் நம் வாயிலிருந்து வந்ததுபோல் இருக்க வேண்டாமா? தகப்பன் வேடத்துக்கு வடமோடிக் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரைப் பாருங்கள். தேர்வுக்கு வருகிறவரிடம் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள். கூத்துக் களரிக்குப் பழகிய குரல் உச்சத்திலேயே நிற்கும். அதனால் போன் கமராவை ஒரு முழம் தள்ளி வைத்து, மனைவியிடம் தேத்தண்ணி கேட்கிற மாதிரி ஒரு வரி பேசச் சொல்லிப் பாருங்கள்.