கால் நனையலாம், தலை முழுகக்கூடாது

அன்புள்ள ஐயா,

நெல் தண்ணீரில்தானே நிற்கிறது, அதற்கு எதற்கு வெள்ளம் தாங்கும் ரகம் என்று கேலி பேசியவன் நான். போன ஐப்பசி மழையில் வயல் 9 நாள் முழுகிக் கிடந்தது. பக்கத்து வயலில் போட்டிருந்த வெள்ளம் தாங்கும் ரகம், சி.ஆர். 1009 சப்-1, துளிர்த்துவிட்டது, என் நடவு அழுகிவிட்டது. அந்த விதையைப் போட்டால் இனிக் கவலையில்லையா?

ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள நண்பருக்கு,

பாதிக் கவலை தீரும்.

ஒரு நெல் தூரைப் பிடுங்கி வேரைக் குறுக்கே கிள்ளிப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டையாக இருக்கும். இலை இழுக்கும் காற்று அந்த வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மக்காச்சோளத்துக்கு இந்த வசதி குறைவு, ஈரம் தேங்கினாலே மஞ்சளடித்துவிடும். நெல்லுக்கோ இலை முழுகினால்தான் ஆபத்து. சாதாரண நெல் பதறிப்போய், மேலே எட்டிப் பார்க்க விறுவிறுவென நீளும். கையிருப்பு மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோக, தண்ணீர் வடிந்ததும் துவண்டு படுத்துவிடும். சப்-1 மரபணு உள்ள பயிர் தம் கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். வடிந்த பிறகு, மிச்சம் வைத்ததிலிருந்து புதுக் குருத்து விடும். சுமார் 2 வாரம் தாங்கும், கலங்கல் தண்ணீர் என்றால் அதுவும் குறையும்.

இந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. மரபணு எதுவென்று 2006-இல் வெளியிட்டார்கள். நம் பழைய பொன்மணியோடு (அதுதான் சி.ஆர். 1009) திரும்பத் திரும்பக் கலந்து பொறுக்கியெடுத்த ரகம்தான் நீங்கள் பார்த்தது. மரபணு மாற்றுப் பயிர் இல்லை (எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்).

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். நேரடி விதைப்பு செய்த மறுநாளே மழை கொட்டி விதை முழுகினால் சப்-1 உதவாது. தண்ணீருக்கடியில் முளைப்பது வேறு குணம், அதற்கு வேறு மரபணு. அறுவடை நேரத்து மழைக்கும் இது மருந்தில்லை. 2021 ஜனவரியில் சாய்ந்த கதிர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு நெல்மணியும் வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

பள்ளத்து வயலுக்கு அந்த விதையைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் 2 வாரத்துக்குள் தண்ணீர் வடிந்தாக வேண்டுமே. உங்கள் வடிகாலில் ஆகாயத்தாமரை எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது?