கையெழுத்துப் போடுவாள் என்று யார் சொன்னது?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, மாமனார் வழி வந்த பூர்வீகம். மகன் அமெரிக்காவில் சான்டா மோனிகா என்ற கடற்கரை ஊரில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறான். அங்கே 14 லட்சம் டாலருக்கு அபார்ட்மென்ட் பார்த்திருக்கிறான். முன்பணம் மட்டும் 2.80 லட்சம் டாலராம். "ஜனம் பெருகிக்கிட்டே போகுது, இப்ப விட்டா எப்பவும் வாங்க முடியாது, தோப்பை வித்துக் குடுங்க" என்கிறான். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நடமாட்டம் குறைவு. உடுமலையிலிருந்து மகள் மாதாமாதம் வந்து கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். அவளுக்கு 2006இல் 60 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம், கையெழுத்துப் போட்டுவிடுவாள். விற்றுக் கொடுக்கலாமா? பொறுக்கச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், ஆனைமலை.

பதில்:

அம்மா, அவளிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் "போடுகிறேன் என்றாள்" என்று எழுதியிருப்பீர்கள். "போட்டுவிடுவாள்" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். இதே கேள்வி பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லாக் கடிதத்திலும் மகள் கடைசி வரியில்தான் வருகிறாள், அதுவும் கையெழுத்துப் போட.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 25க்குப் பிறகு கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் அது உண்டு. 2005இல் நாடு முழுக்கச் சட்டமானது. அந்த உரிமை பிறப்போடு வந்தது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவளுடைய கையெழுத்து இல்லாமல் எந்த விவரமான ஆளும் உங்கள் தோப்பை வாங்க மாட்டார். அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கையெழுத்து நினைவுக்கு வந்தது, பங்கு வரவில்லை. பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒருவேளை மாமனார் உயில் எழுதி உங்கள் வீட்டுக்காரர் பேருக்கே வைத்தது என்று தெரிய வந்து, சட்டப்படி அவளுக்குப் பங்கு இல்லை என்று ஆனாலும் என் பேச்சு மாறாது.

60 பவுனைச் சொல்லிக் காட்டாதீர்கள். மகனின் படிப்புக்கும் விமானத்துக்கும் செலவழித்ததை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? அவன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவள்தானே பக்கத்தில் உட்கார்ந்தாள்? கூடப் பிறந்தவளை மணவறையில் உட்கார வைத்து மரியாதை செய்கிற ஊரில், ஆஸ்பத்திரிக்கு மகள், பத்திரத்துக்கு மகன் என்று எப்படிப் பிரித்தீர்கள்? விடியக்காலை வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பஸ் மாறி வந்து, அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, டோக்கன் எடுத்துக்கொண்டு மத்தியானம் வரை காத்திருப்பவள் அவள். தோப்பு போய், வெட்டுக்கு வெட்டு வரும் தேங்காய்ப் பணமும் நின்றால், மருந்துச் செலவு யார் தலையில் விழும் என்று யோசித்தீர்களா? அவள் தலையில்தான்.

இனி மகன் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ஜனம் பெருகுகிறதாம். அந்த ஊரில் 1970இல் சுமார் 88,000 பேர், 2020 கணக்கெடுப்பில் சுமார் 93,000 பேர். ஐம்பது வருஷத்தில் ஐயாயிரம் பேர் கூடியதற்குப் பெயர் ஜன நெருக்கடியா? பக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் வேலைகள், எதிரே கடல், புதிதாகக் கட்டவோ விதிகள் லேசில் விடுவதில்லை. விலை ஏறியது அதனால். இன்றைக்கு இருக்கிற நிலைமை அடுத்த வருஷமும் அப்படியேதான் இருக்கும், இப்போதே அவசரப்பட வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலான குடும்பங்கள் வாடகைக்குத்தான் இருக்கின்றன. 1979லேயே வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவந்த ஊர் அது, பழைய கட்டடமாக இருந்தால் வீட்டு உரிமையாளர் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது. அவன் தெருவில் நிற்கவில்லை.

வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். அந்த ஊர் இருக்கும் கலிபோர்னியாவில் 1978லிருந்து வீட்டு வரி, வாங்கிய விலையில் ஒரு சதவீதம், ஊர் வரிகள் தனி. ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல் அதற்கே போகும். மீதி 11.20 லட்சம் டாலர் கடன். இன்னொன்று, இங்கிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்ப முடிவது 2.50 லட்சம் டாலர்தான். அவன் கேட்பது 2.80. பேங்கில்கூட விசாரிக்காமல் தோப்பை விற்கிற பேச்சு வந்துவிட்டதா?

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. வெளிநாட்டில் குடியிருக்கும்வரை அவனால் இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பெற்றவர்களிடமிருந்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்து மனசு மாறி "தோப்பைத் திரும்ப வாங்கலாம்மா" என்றாலும் சட்டம் விடாது. வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலத்தில் சைட் போட்டுவிட்டால் வாங்குவதற்குத் தோப்பும் இருக்காது.

மகனுக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மருந்துக்கும் உங்கள் சாப்பாட்டுக்கும் எடுத்து வைத்து, மகள் பங்கை அவள் பேரில் எழுதிய பிறகு மிஞ்சுவது அவனுடையது. அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

வருகிற ஞாயிறு மகளையும் மாப்பிள்ளையையும் சாப்பிட வரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு, "உன் அக்காகிட்ட நீயே கேளு கண்ணு" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். அதற்கு முன்னால் புரோக்கர் கையிலிருந்து ஒரு ரூபாய் அட்வான்ஸ் வாங்கக் கூடாது.