மலைக்குக் கெட்டி ஒயிலா? – கராஜ் கேள்வி பதில்

ஹட்டனில் முப்பது வருடத்துக்கு மேலாக கராஜ் நடத்துகிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சின் ஒயிலைப் பற்றியவை. அதனால் பிரேக், கிளட்ச் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

என்னுடையது 2015ஆம் ஆண்டு ஜப்பான் வேகன் ஆர். சேவிஸுக்குக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பில்லைப் பார்த்தால் 20டபிள்யூ-50 என்று இருக்கிறது. ஜப்பான் எழுத்துப் புத்தகத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வரி 0டபிள்யூ-20. கேட்டதற்கு, "மலையில் ஓடுற வண்டிக்குக் கெட்டி ஒயில்தான் டீச்சர் பலம்" என்கிறான் அங்குள்ள பையன். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் டக டக என்று சத்தம் வருகிறது.
– ஓர் ஆசிரியை, கொட்டகலை

டீச்சர், முதலில் பயத்தை விடுங்கள். எஞ்சின் செத்துவிடாது. ஆனால் அடுத்த சேவிஸ் வரை இப்படியே ஓட்டவும் வேண்டாம். இந்த வாரமே ஒயிலை இறக்கி, பில்டரையும் மாற்றி, 0-20 ஊற்றச் சொல்லுங்கள். (கராஜில் நாங்கள் டபிள்யூவை விழுங்கிவிட்டு 0-20, 20-50 என்றுதான் சொல்வோம்.) பழைய ஒயில் கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும். அது புதியதோடு கலந்தால் ஒன்றும் ஆகாது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதே பாவத்தைச் செய்தவன். என் கராஜுக்கு முதன்முதலாக ஒரு ஹைபிரிட் கார் வந்தபோது, உரிமையாளரே 0-20 கேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. இதை ஊற்றினால் நுவரெலியா ஏறுவதற்குள் எஞ்சின் உருகிவிடும் என்று முடிவு செய்து, அந்தக் கேனை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் இருந்த 20-50ஐ ஊற்றி அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு. மூன்று வாரத்தில் ஆள் திரும்பி வந்தார். "மாஸ்டர், காலையில சத்தம் போடுது, பெற்றோலும் கூடக் குடிக்குது." அவர் கொண்டுவந்த கேன் அப்படியே இருந்தது. என் செலவில் பில்டர் வாங்கி, அதையே ஊற்றிக் கொடுத்தேன்.

இந்தக் கெட்டி ஒயில் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. மொரிஸ் மைனர் காலத்து எஞ்சின்களில் பாகத்துக்கும் பாகத்துக்கும் இடைவெளி அதிகம். மெல்லிய ஒயில் அங்கே நிற்காது. அந்த வண்டிகளில் தொழில் பழகியவர்களிடம் நான் பழகினேன், என்னிடம் பழகியவன்தான் ஒருவேளை உங்கள் வண்டிக்கு ஊற்றினானோ என்னவோ. இன்றைய ஜப்பான் எஞ்சினில் இடைவெளி மிகவும் குறுகல். போதாததற்கு, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற பொறி ஒன்று ஒயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. கெட்டி ஒயில் போனால் அது சோம்பிப்போகும்.

எண்களின் கணக்கு இதுதான். கித்துள் பாணியை நினைத்துக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் போத்தலைக் கவிழ்த்தால் வரமாட்டேன் என்னும், அடுப்போரம் வைத்தால் ஓடும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. அது குறையக் குறைய, காலையில் ஒயில் எஞ்சின் தலைக்குச் சீக்கிரம் ஏறும். உங்களுக்கு வருகிற டக டக சத்தம் பெரும்பாலும் ஒயில் மேலே வந்து சேரும் வரை கேட்பதுதான். பின்னால் உள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள கெட்டித்தன்மைக்கு. அந்தச் சூட்டில் 50, 20ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி. ஏற்றத்தில் எஞ்சின் சூடாகும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்துத்தான் கம்பனிக்காரன் 20 என்று எழுதியிருக்கிறான். மலை நம் நாட்டில் மட்டுமா இருக்கிறது? ஜப்பானே பாதிக்கு மேல் மலைதான்.

இனிமேல் ஒரு காரியம் செய்யுங்கள். ஒயில் ஊற்றும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள், தேநீர் குடிக்கக்கூடப் போகாதீர்கள். கேன் உங்கள் முன்னால் சீல் உடைய வேண்டும். லேபிளில் உள்ள எண்ணை வாய்விட்டு வாசியுங்கள், வேலை செய்கிறவன் காதில் விழட்டும். உங்கள் எஞ்சின் மூன்று லீற்றர்கூடப் பிடிக்காது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் நான்கு லீற்றர் கேன். மிச்சம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். சில பேர் கேனை முழுவதுமாகக் கவிழ்த்துவிட்டு, "கூட இருந்தா நல்லதுதானே" என்பார்கள். நல்லதல்ல. ஒயில் கூடினால் நுரைக்கும், நுரைத்த ஒயில் பாகங்களைக் காப்பாற்றாது. வெறும் கேனை வீட்டுக்குக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். நல்ல பெயர் அச்சடித்த வெறும் கேனுக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அதில் என்னத்தை நிரப்புவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவனொளிபாத மலை சீசனுக்கு டொல்பின் வேன் ஓட்டுகிறேன். டீசல். ஒயில் மாற்றி இரண்டே நாளில் கறுப்பாகிவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா அண்ணே?
– ஒரு சாரதி, மஸ்கெலியா

ஏமாற்றவில்லை தம்பி. டீசல் எரிந்தால் கரி வரும். அந்தக் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது ஒயிலின் வேலை. உங்கள் வேன் பழைய ரகம், மாற்றிய அன்றைக்கே கறுத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, எழுத்தை. கேனில் ஏ.பி.ஐ. (ஒயிலின் தரத்தைக் காட்டும் குறி) என்று போட்டிருக்கும் இடத்தில் எஸ் என்று தொடங்கினால் அது பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. உங்கள் வேனுக்கு 15-40, சி.ஐ.4 எழுதியது தாராளமாகப் போதும். கறுப்புக்குப் பயந்து அடிக்கடி மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

இன்னொன்று. அளவு பார்க்கும்போது வேன் சமதரையில் நிற்க வேண்டும். நம் பக்கம் சமதரைக்கு எங்கே போவது என்பீர்கள். நானே பெற்றோல் ஷெட், கோயில் முற்றம் என்று தேடிப் போய்த்தான் பார்ப்பேன். லயத்துச் சரிவில் மூக்கு கீழே நிறுத்திவிட்டு ஒயில் குச்சியை உருவினால், அது பொய்தான் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ஒரு லீற்றர் கூட ஊற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் பால்கோவா மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீற்றர் மட்டும்தான் ஓட்டம்.
– ஒரு வியாபாரி, நுவரெலியா

எஞ்சினில் கை வைக்க விடாதீர்கள், பொறுங்கள்! உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாதத்தில் புல்லில் பனி உறையும். அந்தக் குளிரில் இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுவதும் சூடாகவே இல்லை. உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மூடியில் படிந்து, ஒயிலோடு கலந்து வெள்ளையாகிறது.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். ஒயில் குச்சியில் ஒயில் சுத்தமாக இருக்கிறதா? ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் நிற்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மூடியைத் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெலிமடை வரை இறங்கி ஏறுங்கள். வாரம் ஒரு முறை இப்படி நன்றாகச் சூடாக்கினால் வெள்ளை காணாமல் போகும். குச்சியிலும் வெள்ளை, தண்ணீரும் குறைகிறது என்றால் மட்டும் அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம்; தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். எப்படியானாலும், உங்களைப் போலக் குறுகிய ஓட்டம் ஓடுகிறவர்கள் கிலோமீற்றர் நிறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

நிசான் சன்னி, எப்.பி.14. கினிகத்தேனை வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கி, கீழே வந்து அக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. கெட்டி ஒயில் போடலாமா?
– ஒரு வாசகர், வட்டவளை

உங்களுடையது தேய்ந்த பழைய எஞ்சின், அதனால் உங்களுக்குப் போடலாம். கியரில் இறங்கும்போது எஞ்சின் உள்ளே இழுக்கும், தேய்ந்த வால்வு சீல் வழியாக ஒயில் ஒழுகி, மிதித்ததும் எரியும். இப்போது 10-30 ஓடினால் அடுத்த முறை 10-40, அப்புறம் தேவைப்பட்டால் 20-50. புகை குறையும், சீல் குணமாகாது. காசு சேர்ந்ததும் சீலை மாற்றுங்கள். அதற்காக கியரை நியூட்ரலில் போட்டு மட்டும் இறங்காதீர்கள். ஒயில் செலவைவிட பிரேக் முக்கியம்.

காருக்கு ஊற்றி மிச்சமான 0-20ஐ என் நான்கு ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கு ஊற்றலாமா?
– ஒரு வாசகர், நோர்வூட்

வேண்டாம். த்ரீவீலில் கிளட்ச் தட்டுகளும் அதே ஒயிலில்தான் குளிக்கின்றன. காருக்கான வழுக்கல் அங்கே போனால் கிளட்ச் வழுக்கும், நோர்வூட் ஏற்றத்தில் நின்றுகொண்டு உறுமும். ஜாசோ எம்.ஏ. (கிளட்ச் ஒயிலில் குளிக்கும் எஞ்சினுக்கான தரக் குறி) என்று எழுதிய 20-50தான் அதற்கு. மிச்சத்தை மூடி வைத்துக் காருக்கே பாவியுங்கள்.

ரீகண்டிஷன் கார் ஒன்று வாங்கினேன். கதவோரம் ஜப்பான் ஸ்டிக்கரில் ஒயில் மாற்றிய திகதி 27.9.3 என்று இருக்கிறது. 2027 இன்னும் வரவில்லையே?
– ஒரு வாசகி, பண்டாரவளை

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. அது அவர்கள் மன்னர் ஆட்சிக் கணக்கு. ஹெய்செய் 27ஆம் ஆண்டு என்றால் 2015. அதோடு 1988ஐக் கூட்டிப் பாருங்கள். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவார்கள், ஆகவே 2015 செப்டெம்பர் 3. அதற்குப் பிறகு இங்கே யார், எப்போது, என்ன ஊற்றினார்கள் என்று அந்த ஸ்டிக்கர் சொல்லாது. விற்றவர் என்ன சொன்னாலும் சரி, ஒயிலையும் பில்டரையும் இப்போதே மாற்றி, திகதி, கிலோமீற்றர், ஒயில் எண் மூன்றையும் எழுதிப் பழைய ஸ்டிக்கர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.