வைஃபை இருக்கிறது, தளம் திறக்கவில்லை: டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

வணக்கம். வைஃபை குறியில் கோடுகள் முழுமையாக இருக்கின்றன, அழைப்புச் செயலியில் பேச முடிகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்கிறீர்கள். அதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டாம், தயவுசெய்து பொறுங்கள்.

அந்தக் கோடுகள் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள சிக்னலை மட்டுமே காட்டும். ரூட்டருக்கு அப்பால் இணையம் வருகிறதா என்பது வேறு கேள்வி. உங்களுக்கு அழைப்பு போகிறதே, அப்படியானால் இணையமும் வருகிறது. எனக்குச் சந்தேகம் டிஎன்எஸ் மீதுதான்.

இணையத்தில் ஒவ்வொரு சர்வருக்கும், அதாவது தளங்களை வைத்திருக்கும் கணினிக்கும், எண்முகவரி உண்டு. நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். 1983-இல் உருவான இந்த ஏற்பாடு பதில் தராவிட்டால், எங்கே போவது என்றே உலாவிக்குத் தெரியாது. ஏற்கெனவே இணைப்பில் இருக்கும் செயலி மட்டும் தொடர்ந்து ஓடும்.

முதலில் ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால், வைஃபை அமைப்புகளில் டிஎன்எஸ் என்ற இடத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று கொடுத்துச் சேமியுங்கள். இரண்டும் இலவசம். அப்போதும் திறக்காவிட்டால், உலாவி காட்டும் பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் இங்கே பதியுங்கள்.