கொல்லைக் கதவின் சாவி

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில், பாமணி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு உள்ளது. அப்பா காலமான பின் ஒன்பது ஆண்டுகள் அம்மா அங்கே தனியாக இருந்தார். இவ்வாண்டு விருப்ப ஓய்வு பெற்று, மனைவியுடன் நானும் குடிவந்துவிட்டேன். அம்மாவுக்கு வயது 79. வீட்டின் பின்னால் எட்டு சென்ட் கொல்லை, களிமண். பவழமல்லி, முருங்கை, இரண்டு தென்னை, வாழை, பந்தலில் அவரை என்று ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. ஐப்பசி மழையில் மண் இளகியதும் ஜேசிபி வைத்துச் சமன்படுத்தி, புல்தரை போட்டு, தென்னையடியில் சிமெண்டு பெஞ்சு அமைக்க எண்ணுகிறேன். ஆடியில் ஊன்றிய அவரை இதுவரை பூக்கவே இல்லை; பிடுங்கிவிடலாமா? பவழமல்லி ஓயாமல் குப்பை கொட்டுகிறது, அதையும் எடுத்துவிடலாமா? ஆவணியில் அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். அடி பெரிதில்லை. அன்றிலிருந்து கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். ஆகவே வேலை நடக்கும்போது தொந்தரவு இருக்காது. மழைக்காலத்தை உட்கார்ந்து ரசிக்கும்படி தோட்டத்தை எப்படி மாற்றலாம்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜேசிபிக்கு ஒரு வரி, புல்லுக்கு ஒரு வரி, பெஞ்சுக்கு ஒரு வரி என்று நிரவி எழுதிக்கொண்டே வந்தவர், கொத்தனாருக்குச் சொல்லும் குறிப்பைப் போல, பெற்ற தாயைக் கொல்லைக்குள் விடாமல் பூட்டி வைத்திருக்கும் செய்தியையும் இடையில் செருகியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு வசதியாக! ‘தொந்தரவு இருக்காது’ என்ற அந்த இரண்டு சொற்களைத் தாண்டி உங்கள் தோட்டத்துக்குள் நுழைய எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

கணவர் போன பிறகு ஒன்பது மழைக்காலங்களை அந்த அம்மாள் அந்தக் கொல்லையோடு தனியாகக் கழித்திருக்கிறார். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, ஐப்பசி முடியும் தறுவாயில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, உங்கள் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைத் தரையோடு சாய்த்துவிட்டுப் போன விடியலிலும் அந்தக் கதவைத் திறந்து எந்த மரம் நிற்கிறது, எது போயிற்று என்று பார்த்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். நீங்கள் தொலைபேசி கிடைத்தபோது விசாரித்திருப்பீர்கள். அப்போதெல்லாம் தேவைப்படாத பூட்டு, மகன் துணைக்கு வந்து சேர்ந்த பிறகு தேவைப்பட்டிருக்கிறது.

நீங்கள் பூட்டிய மாதத்தையும் கவனியுங்கள். பவழமல்லி கொட்டிப் பூக்கும் காலம் ஆவணியிலிருந்து கார்த்திகை வரைதான். அந்தி சாய்ந்த பின் மொட்டவிழ்ந்து, விடிவதற்குள் காம்பைவிட்டு உதிர்ந்துவிடும் பூ அது. தரையில் விழுந்த பூவைச் சாமிக்குச் சூட்டலாகாது என்று கண்டிப்பாக இருக்கும் நம் வீடுகளில், விழுந்ததையே பொறுக்கிச் சூட்டலாம் என்று இந்தப் பூவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்; உங்கள் ஊருக்குத் தொலைவில் இல்லாத திருக்களர் கோயிலில் அதுவே தலவிருட்சம். நீங்கள் குப்பை என்று எழுதியிருப்பது, உங்கள் தாயார் ஒவ்வொரு விடியலிலும் குனிந்து பொறுக்கிய பூசைப் பூ. இப்போது அது கதவுக்கு அந்தப் பக்கம் உதிர்ந்து, வெயில் ஏற ஏற வதங்கிக்கொண்டிருக்கிறது. மணம் மட்டும் பூட்டுக்கு அடங்காமல் உள்ளே வந்திருக்கும். அவர் என்ன பூவை வைத்துப் பூசை செய்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

விழுந்துவிடுவாரோ என்ற பயம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். எழுபத்தொன்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அது எளிதில் தீரும் காரியமன்று. ஆனால் அவரை வழுக்கிவிட்டது பாசி. நீங்களோ பாசியை அப்படியே விட்டுவிட்டு அம்மாவைத் தடுத்திருக்கிறீர்கள். ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, சற்று ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பூட்டு வந்தது என்பது என் கணிப்பு. நடமாட்டம் குறைந்த முதியவர்களின் கால் தசை வற்றிப்போகும், பிறகு வீட்டுக்குள்ளேயே தடுமாறி விழுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பெற்றவளைக் காப்பதென்றால் அவள் நடக்கும் தரையைச் செப்பனிடுவதுதான் மகனுக்கு அழகு என்று நம்புகிறவள் நான். (உங்கள் மனைவி இதற்கு என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஏதோ சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.)

நான் மட்டும் பெரிய மருமகளாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் கண் மங்கிய பிறகும் கறிவேப்பிலைக் கன்றை விரலால் தடவித் தளிர்களை எண்ணிக்கொண்டு நிற்பார். சமையல் வேலை கிடக்கிறதே என்று நான் உள்ளேயிருந்து முனகியிருக்கிறேன். ஆனால் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

இப்போது வேலைக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். புரட்டாசி முடிய எஞ்சியிருக்கும் இந்தச் சில நாட்களில் நீங்கள் கட்ட வேண்டியது ஒரு நடைபாதை மட்டுமே. கொல்லை வாசற்படியிலிருந்து கிணற்றடி வழியாகப் பவழமல்லி வரை, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நடக்கும் அகலத்துக்கு, மூன்று அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். டைல்ஸும் வழுவழுப்பான கடப்பைக் கல்லும் ஈரத்தில் காலை வாரிவிடும். சொரசொரப்பான சிமெண்டுத் தளம் போட்டு, அது இறுகுமுன் துடைப்பத்தால் குறுக்கே இழுத்து வரி போடச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். படியருகிலும் கிணற்றடியிலும் இரும்புக் குழாயில் கைப்பிடி வையுங்கள். மழைக்காலத்தில் பூச்சி பொட்டு வரும் என்பதால், விடியற்காலையில் அவர் தானே போட்டுக்கொள்ளும்படி விளக்கின் சுவிட்சைக் கதவுக்கு உட்புறம், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் அமையுங்கள். பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே வடியும் என்று ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்தவர் வீட்டுக்குள் இருக்கிறார்; அவரை அழைத்துப்போய் நிறுத்தி, அவர் காட்டுகிற வழியில் கயிறு கட்டுங்கள்.

ஐப்பசியில் மண் இளகியதும் ஜேசிபி என்கிறீர்கள். டெல்டாவில் பிறந்தவர் எழுதும் வாக்கியமா அது? ஈரக் களிமண்ணில் அவ்வளவு எடையை ஏற்றினால் மண் அமுங்கி, காற்றும் நீரும் புகாமல் இறுகி, கோடையில் செங்கல்லாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண்வெட்டியே போடக்கூடாது என்பதுதான் களிமண் கொல்லைக்கு நியாயம். நீர் தேங்கும் களியில் புல்தரை அழுகும், மர நிழலில் சோகை பிடித்து நிற்கும். தென்னையடியில் பெஞ்சு போடும் யோசனையை, தலைமேல் தேங்காய் விழுவதற்கு முன்பே கைவிட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஆள் வைத்துக் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கிவிட்டால் புயல் காற்றில் மரத்துக்குப் பாரம் குறையும். முருங்கையின் கிளைகள் முறுக்கில்லாதவை, காற்றில் முறிந்து விழும். உயர்ந்தவற்றை இப்போதே கழித்துவிடுங்கள். மழை பிடித்ததும் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும் என்பதால் நடைபாதை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள்.

அவரையைத் தொடாதீர்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் கொடி. ஆடியில் ஊன்றியது ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுத்துத் தை, மாசி வரை காய்க்கும். உங்கள் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கேள்விக்குத் தபால் செலவு ஆகியிருக்காது.

மழைக்காலத்தை ரசிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசைதான். அதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். கொல்லைத் தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளைப் போடுங்கள். வாழையிலையில் மழை இறங்கும் சத்தமும், மழை விட்ட மாலையில் பந்தலுக்கு மேல் தாழப் பறக்கும் தும்பிக் கூட்டமும், இருட்டிய பின் மெல்லக் கசியும் பவழமல்லி மணமும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். இரண்டாவது நாற்காலி யாருக்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பவழமல்லியைக் கழித்துவிட வேண்டுமென்றால் பூ ஓய்ந்த பிறகு, அவர் முன்னிலையில், அவர் காட்டும் கிளையை மட்டும் வெட்டுங்கள்.

புல்தரையைப் பற்றிய மீதிக் கேள்விகளைத் தை பிறந்த பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் வரியில் சாவி இப்போது எந்த ஆணியில் தொங்குகிறது, அது உங்கள் தாயாரின் கைக்கு எட்டுகிறதா என்று எழுதியிருக்க வேண்டும்.